குழாயடிக்கு வந்து சேர்ந்த குரல்

முன்னி பேகத்தைப் பற்றி எழுத இந்தச் சந்தில் என்னைவிடப் பொருத்தமானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அவருடைய வீட்டுக்காரரை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியவன் நான். அந்தத் திட்டே கடைசியில் ஒரு நல்லதுக்கு ஆனது. அதனால் வேறு யாரும் எழுதுவதற்குள் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ராமகிருஷ்ணன். திருவண்ணாமலைக் கோயிலின் பேகோபுரத்துக்குப் பக்கத்தில், மலையை நோக்கி மேடேறிப் போகும் ஒரு சந்தில் பதினாலு அறை லாட்ஜ் வைத்திருக்கிறேன். பௌர்ணமிக்கு அறை கிடைக்காது, மற்ற நாளில் ஆள் கிடைக்காது. சந்தின் மேட்டுக் கோடியில் கடைசி வீடு முன்னி பேகத்தினுடையது. இட்லி மாவு அரைத்து விற்கிறார். எங்கள் லாட்ஜ் சமையலறைக்கும் அவர் மாவுதான். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் இப்போது தனியாக இருக்கிறார்.

அவருடைய வீட்டுக்காரர் மதார் சாகிப்பை ஊரில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தெருக்களுக்குக் குடிதண்ணீர் வால்வு திறந்துவிடுகிற வேலை. இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியை சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார். எந்தத் தெருவுக்கு என்றைக்கு முறை என்பது அவர் மண்டையில் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியாது. தண்ணீர் வருமா வராதா என்று குடத்தை வைத்துக்கொண்டு தெருவில் நிற்பதே எங்களுக்கு ஒரு வேலையாக இருந்தது.

கையில் நல்ல போன் வந்ததும் பாய் ஒரு காரியம் செய்தார். ஊர் உலகமே கணக்கு வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில் ஒரு பக்கம் திறந்தார். தினமும் வால்வைத் திறந்த கையோடு போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, பதினைந்து இருபது வினாடி பேசிப் போடுவார். சலாம் சொல்லி, வணக்கம் சொல்லி, இன்றைக்கு எந்தெந்தத் தெரு, எத்தனை மணி வரைக்கும், குடத்தைக் கழுவி வையுங்கள் என்று முடிப்பார். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் பதினோராயிரம் பேர் அந்தப் பக்கத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

ஒரு தடவை எங்கேயோ குழாய் உடைந்து நாலு நாள் தண்ணீர் இல்லை. ஐந்தாம் நாள் தண்ணீர் வந்ததும் தேரடித் தெருவில் ஒருவர் பாயின் வீடியோவுக்குக் கீழே "அரோகரா" என்று எழுதினார். மறுநாள் நாலு பேர் எழுதினார்கள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. வீட்டுக் குழாயில் தண்ணீர் எட்டிப்பார்த்ததும் அரோகரா போட வேண்டும். பள்ளத்து வீட்டுக்காரர் போட்டுவிட்டார் என்றால் மேட்டு வீட்டுக்காரர் அண்டாவைத் தூக்கி வெளியே வைப்பார். எங்கள் சந்தில் கடைசியாக அரோகரா போடுவது முன்னி பேகம்தான், அவர் வீடுதான் உயரத்தில் இருக்கிறது. அது வந்த பிறகு பத்து நிமிஷம் விட்டு பாய் வால்வை மூடுவார். ஐந்து வேளை தொழுகிற வீட்டிலிருந்து அரோகராவா என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு அது தண்ணீர் வந்து சேர்ந்ததற்கு அடையாளம். சாமிக்கும் சேர்த்து ஒரு நன்றி, அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கொரோனாவின் இரண்டாவது அலையில் பாய் போய்விட்டார். பதினோரு நாளில் எல்லாம் முடிந்தது. நாற்பதாம் நாள் கழிந்த மறுநாள் காலையில், பாயின் பக்கத்தில் முன்னி பேகத்தின் எழுத்து வந்தது. இன்றைக்கு எந்தத் தெரு, எத்தனை மணி என்று இரண்டே வரி. புதிதாக வேலைக்கு வந்த இளஞ்செழியன் வால்வைத் திறந்துவிட்டு அவருக்கு போன் செய்வான். அவர் மாவு அரைத்துக்கொண்டே எழுதிப் போடுவார். வீடியோவில் பேசமாட்டார். அந்தப் பக்கத்தில் பேச்சு அவருடையது, நான் எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். மாவுக் கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் பழைய வீடியோக்களை ஒன்று ஒன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பாயின் குரல் கேட்கும். செத்தவர் குரல் இன்னும் குடத்தைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பெனித் தளம் நாளாக ஆக ஒரு மாதிரியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை போட்ட செய்தி வியாழக்கிழமை முதலில் வந்து நிற்கும். இன்றைய செய்தியைத் தேட வேண்டும். நடுவில் கடன் வேண்டுமா, முடி கொட்டுகிறதா என்று விளம்பரம். இரண்டு நாள் பழைய செய்தியைப் பார்த்து, தண்ணீர் வருகிறது என்று நம்பி, பதினாலு அறைப் போர்வையையும் ஊறப்போட்டு ஒருநாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோப்பு நுரையோடு போர்வைகள் சாயங்காலம் வரைக்கும் கிடந்தன. இதற்கு நடுவே, உங்கள் செய்தியை இன்னும் ஐயாயிரம் பேர் பார்க்க வேண்டுமானால் பணம் கட்டுங்கள் என்று முன்னி பேகத்துக்கு அறிவிப்பு வரும். பார்க்க வேண்டும் என்று தாங்களாகவே வந்து சேர்ந்தவர்களுக்குக் காட்டுவதற்கு இவன் யார் பணம் கேட்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னி பேகம் கோபப்படவில்லை. அதைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தார்.

போன தீபத்துக்கு முந்தின தீபத்தன்றுதான் அது நடந்தது. சாயங்காலம் மலைமேல் தீபம் ஏறியதும் ஊரே அரோகரா என்று கத்தும், அது தெரிந்ததுதான். அந்த வருஷம் ஊர்க்காரர்கள் பழக்க தோஷத்தில் தண்ணீர்ப் பக்கத்திலும் அதையே எழுதினார்கள். சென்னையிலும் துபாயிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் எழுதினார்கள். அரை மணி நேரத்தில் நாலாயிரம் அரோகரா. கம்பெனியின் இயந்திரத்துக்கு தீபமும் தெரியாது, திருவண்ணாமலையும் தெரியாது. ஒரே வார்த்தையை ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் போட்டால் அது போலிக் கும்பல் வேலை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் பக்கம் இல்லை. உங்கள் நடவடிக்கை எங்கள் விதிகளுக்கு முரணானது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது.

மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஒரு பொத்தான் இருந்தது. முன்னி பேகம் அதை அழுத்தினார். இரண்டாம் நாள் பதில் வந்தது: முடிவு இறுதியானது. யாரிடம் பேசுவது என்று தேடினால் ஒரு போன் நம்பர் கிடையாது, ஒரு ஆள் பேர் கிடையாது. பதினோராயிரம் பேர் போனது கூட அவரை அவ்வளவு பாதிக்கவில்லை. பாயின் வீடியோக்கள் எண்ணூறுக்கு மேல் இருந்தன, எல்லாம் அந்தப் பக்கத்தோடு போய்விட்டன. வீட்டில் ஒன்று கூட இல்லை. பாயின் போனில் இடம் கம்மி. தினமும் வீடியோவைத் தளத்தில் ஏற்றிவிட்டு, இனிமேல் பத்திரமாக இருக்கும் என்று போனில் இருப்பதை அழித்துவிடுவார். மூடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் நம் பக்கம் இறக்கிக்கொள்ள அங்கேயும் ஒரு வசதி இருந்ததாம். எங்கே இருந்தது, யாருக்குத் தெரியும்?

அந்த வாரம் அவர் மாவு புளித்துவிட்டது என்று நாலு பேர் சொன்னார்கள். அதற்கு முன்னால் அப்படி நடந்ததே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தார். மனு எழுதித் தரவேண்டும் என்றார், என் கையெழுத்து நன்றாக இருக்கும். யாருக்கு என்று கேட்டேன். கலெக்டருக்கு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனி எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறது, கலெக்டர் என்ன செய்வார் என்றேன். ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் பென்ஷன் எல்லாவற்றுக்கும் அங்கேதானே போகிறோம், இதற்கு மட்டும் வேறு எங்கே போவது என்று திருப்பிக் கேட்டார். பேனாவை எடுத்தேன். "என் கணவரின் குரலை மீட்டுத் தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன்" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

திங்கட்கிழமை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நின்றார். மனுவை வாங்கிய அதிகாரி இரண்டு தடவை படித்தாராம். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, இது நம் ஜில்லா கையில் இல்லையே அம்மா என்று வருத்தமாகச் சொன்னாராம். தானும் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மோட்டார் போடுவது வழக்கம் என்றும் சொல்லியிருக்கிறார். மனிதர் என்றால் இதுதான் வித்தியாசம். காரியம் ஆகாவிட்டாலும் இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றிருந்தவள் சிந்துஜா. வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், பட்டா பெயர் மாற்றத்துக்கு வந்திருக்கிறாள். முன்னி பேகத்தின் தோளுக்கு மேலாக எட்டி மனுவைப் படித்துவிட்டாள். அப்படிப் படித்தது தப்பு என்று அவளே பிறகு சொன்னாள். அந்தத் தப்புக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

போனதைத் தன்னால் மீட்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் இனிமேல் யாரும் பிடுங்க முடியாதபடி ஒரு இடம் அமைத்துத் தரலாம் என்றாள். கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று இருக்கிறதாம். எழுதியவர்கள் அதை எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், எடுத்து நடத்தலாம். அதை வைத்து எங்கள் ஊருக்கென்று சின்னதாக ஒரு தளம் நடத்தலாம் என்றாள். லாட்ஜ் வரவேற்பறையில் முன்னி பேகத்தோடு உட்கார்ந்து அவள் இதைச் சொன்னபோது நான் விடவில்லை. ஊருக்கு ஒரு தளம் என்றால் ஒரு தளத்தில் இருப்பவன் இன்னொரு தளத்தில் இருப்பவனோடு எப்படிப் பேசுவான் என்று மடக்கினேன். "சார், உங்க சிம் ஒரு கம்பெனி, என் சிம் வேற கம்பெனி. நாம பேசிக்கிறது இல்லையா?" என்றாள். எனக்குக் கோபம் மட்டும் கொஞ்சம் வந்தது.

எனக்கு அப்போதும் மனசு ஒப்பவில்லை. பழைய கம்பெனியிலேயே வேறு பெயரில் புதுப் பக்கம் திறந்தால் ஒரு வாரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள், எதற்கு இந்த வேண்டாத வேலை என்றேன். இல்லாவிட்டால் போனில் ஒரு குழு ஆரம்பிக்கலாம் என்றேன். குழுவில் என் நம்பர் ஊருக்கே தெரியும், முன்பு அப்படி ஒரு குழுவில் இருந்து கண்டவனும் வீடியோ காலில் கூப்பிட்டு விலகினவள் நான் என்று லாட்ஜ் வாசலில் பூக்கட்டும் பாஞ்சாலை வெடுக்கென்று சொன்னாள். புதுப் பக்கத்துக்கு முன்னி பேகமே பதில் சொன்னார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஒரு தபா அவர் குரல தூக்கினு போனவங்க அண்ணா. போய் கேட்டா நிக்க வெச்சுப் பேச ஒரு ஆள் கெடையாது. அங்க மறுபடியும் நான் ஒண்ணும் குடுக்க மாட்டேன். பத்து பேர் வந்தாலும் போதும், நம்ம எடம் நம்ம கிட்ட இருக்கட்டும்."

தளத்துக்கு குழாயடி என்று பெயர் வைத்தோம். சண்டைக்குப் பேர் போன இடமாயிற்றே என்று நான்தான் முனகினேன், யாரும் கேட்கவில்லை. முதல் வாரம் பத்தொன்பது பேர். இளஞ்செழியன் வால்வு திறக்கப் போகிற தெருவில் எல்லாம் நின்று சொன்னான். பாஞ்சாலை பூ விற்கிற இடத்தில் சொன்னாள், வாங்குகிறவர்கள் போனைத் தானே வாங்கி அதில் குழாயடியை ஏற்றியும் கொடுத்தாள். புது ஆப்பா, எனக்கு வேண்டாம் என்றவர்கள் ஒரு மாதம் தண்ணீர் தவறவிட்டு வந்து சேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் மூவாயிரம் பேர். ரமண நகரில் குடியிருக்கும் ஒரு ஜெர்மன்காரம்மா தன் நாட்டுத் தளத்திலிருந்தே எங்கள் குழாயடியைப் பார்க்கிறார். தமிழ் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதி, அவரும் அரோகரா போடுகிறார்.

சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஒருநாள் சிந்துஜா ஏதோ புதுப்பிக்கிறேன் என்று முழுநாளும் தளம் படுத்துவிட்டது. என் சொந்தக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. கல்யாண போட்டோ பார்க்க நான் இன்னமும் பழைய இடத்துக்குத்தான் திருட்டுத்தனமாகப் போய்வருகிறேன். ஆனால் குழாயடியில் இன்றைய செய்தி இன்றைக்கு வருகிறது, காலையில் போட்டது காலையில், அடுத்தது அதற்கடுத்து. விளம்பரம் இல்லை. யாராவது வம்பு செய்தால் சிந்துஜாவுக்கு போன் போட்டுச் சொல்லலாம், அவள் எடுப்பாள். அவளையும் நம்பியே கிடக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவைத்திருக்கிறாள். நாளைக்குத் தானே மோசம் செய்தால் பின்தொடர்கிறவர்களோடு வேறு தளத்துக்கு மாறிப் போய்விடலாமாம், போட்டதை எல்லாம் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாமாம். வாரா வாரம் அப்படி இறக்கி ஒரு சின்னப் பெட்டியில் போட்டு முன்னி பேகத்தின் பீரோவில் வைக்கிறாள். சாவி முன்னி பேகத்தின் இடுப்பில் இருக்கிறது.

இதை எல்லாம் எழுதிய வெளிநாட்டுக்காரர்கள் யார், என்ன பேர் என்று முன்னி பேகம் ஒருநாள் கேட்டார். நூற்றுக்கணக்கான பேர், பலரைத் தனக்கே தெரியாது என்றாள் சிந்துஜா. அன்றிலிருந்து தொழுது முடித்துக் கேட்கும் துஆவில் அவர்களையும் சேர்த்துக்கொண்டார். பேர் தெரியாதே, எப்படிச் சேர்ப்பீர்கள் என்றேன். அல்லாவுக்குத் தெரியும் அண்ணா என்றார்.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில் பாஞ்சாலை குழாயடியில் ஒரு வீடியோவைப் போட்டாள். பாயின் வீடியோ. அன்றைக்குப் பாய் அவள் தெருவைச் சொல்லிவிட்டு, "பாஞ்சாலம்மா, உன் குடம் ரோட்ல உருளுது, எடுத்து வைம்மா" என்று சொல்லியிருக்கிறார். தன் பேர் வந்த பெருமையில் அவள் அதைத் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறாள், தங்கச்சி போனில் இருந்து இப்போது கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான், ஊரே போனைக் குடைய ஆரம்பித்தது. தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னார் என்று ஒருவர், தன் பையன் பத்தாவது பாஸானதைச் சொன்னார் என்று ஒருவர், கீழ்பென்னாத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண் பிறந்தகத்துத் தெருப் பேர் கேட்கிற ஆசையில் எடுத்து வைத்தது என்று ஒன்று. ஒன்று ஒன்றாக நாற்பத்து மூன்று வந்தன. ஒவ்வொன்றையும் முன்னி பேகம் முதலில் தனியாகக் கேட்டுவிட்டு, பிறகு நன்றி எழுதினார்.

அந்த நாட்களில் என்னிடமும் கேட்டார். உங்க போன்ல ஏதாவது இருக்கா அண்ணா என்று. இல்லையம்மா என்றேன். பச்சைப் பொய்.

இருந்தது. நான் எடுத்தது, நாலு நிமிஷம். 2019-ல் ஒருநாள் எங்கள் சந்துக்கு முறை, பாய் வால்வைத் திறக்கவில்லை. மணி ஒன்பது ஆகியும் காணோம். லாட்ஜில் அறைக்கு அறை சத்தம். பத்து மணிக்கு சைக்கிளில் வந்தவரைப் பிடித்து நிறுத்தி, மேலதிகாரியிடம் புகார் கொடுக்க அத்தாட்சி வேண்டும் என்று போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு திட்டினேன். அன்றைக்கு நான் பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது. தண்ணீர் வந்ததும் கோபம் போய்விட்டது, புகாரும் கொடுக்கவில்லை. வீடியோவை அழிக்கவும் இல்லை. போன் மாறும்போதெல்லாம் அந்த மெமரி கார்டைக் கழற்றிப் புதியதில் போட்டுக்கொண்டே வந்தேன். ஊரெல்லாம் பாய் தங்களை வாழ்த்திய வீடியோவைப் போடும்போது, நான் அவரை வைத வீடியோவை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது?

ஒருநாள் மத்தியானம் முன்னி பேகம் சமையலறைக்கு மாவு கொண்டு வந்தார். டிபன் முடிந்து ஆள் இல்லாத நேரம். வந்த வீடியோக்களைப் பற்றிப் பேச்சு வந்தது. சந்தோஷமாகத்தான் பேசினார். ஊரார் எடுத்து வைத்திருந்தார்களே, என்ன மனசு என்றார். பாத்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சும்மா போகிற போக்கில் சொன்னது இது.

"ஊர்ல எல்லார் பேரும் சொல்றாரு அண்ணா. என் பேருதான் ஒண்ணுத்துலயும் இல்ல."

அவர் போனதும் நான் ஏழாம் நம்பர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐந்து வருஷமாக அந்த வீடியோவை நான் திறந்ததே இல்லை. என் திட்டு மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது, பாய் என்ன சொன்னார் என்று அன்றைக்கே நான் காதில் வாங்கவில்லை. இப்போது கேட்டேன். இரண்டாம் தடவை கேட்க முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு சந்தின் மேட்டுக்கு நடந்தேன்.

மாவு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். பொய் சொல்லிவிட்டேனம்மா என்று சொல்லி, போனை அவர் கையில் கொடுத்தேன். முதல் இரண்டு நிமிஷமும் நான்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறாயா என்று என் குரல் அந்தச் சின்ன வீட்டில் கத்தியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் குரல் ஓய்ந்த பிறகு பாய் பேசினார். நெற்றியில் வேர்வை, ஒரு கையில் இரும்புச் சாவி.

"தப்பு என் மேலதான் சார். முன்னிக்கு ஜொரம், தூக்கித் தூக்கிப் போடுது. ஆஸ்பத்திரில சேத்துட்டு வர்றேன். முன்னிக்கு மட்டும் தெரிய வேணாம் சார், தன்னாலதான் தெருவுக்கே தண்ணி நின்னுபோச்சுனு அதுக்கும் சேத்து அழுவா. உங்க தொட்டி ரொம்பற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்."

சொன்னபடியே நின்றார். மீதி ஒரு நிமிஷமும் வீடியோவில் அவர் வால்வுக்குப் பக்கத்தில் நிற்பதுதான். நான் ஏன் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

முன்னி பேகம் முடிகிறவரைக்கும் பார்த்தார். பிறகு மறுபடி போட்டார், அவர் பேர் வருகிற இடத்திலிருந்து. மூன்று தடவை. பிறகு என்னிடம், "இன்னிக்கு எனக்கு லீவு, அதான் உன்கூட இருக்கேன்"னு அன்னிக்கு ஆஸ்பத்திரில என்கிட்ட சொன்னாரே அண்ணா என்றார். கண் நிறைந்திருந்தது, ஆனால் முகம் சிரித்தது. அவர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை நான் காட்டிவிட்டேனே என்று இழுத்தேன். ஐந்து வருஷம் தாமதமாகத் தெரிகிறது, இனி அழுதால் அவருக்கு என்ன கஷ்டம் என்றார். அப்புறம் மடியில் இருந்த போனை என்னிடம் நீட்டினார்.

"இதையும் குழாயடில போடுங்க அண்ணா."

"நான் திட்றது முழுக்க வருமேம்மா. வெட்டிட்டுப் போடட்டுமா?"

"வெட்டாதீங்க. அவ்ளோ திட்டு வாங்கினு எப்டி பேசினாருனு எல்லாருக்கும் தெரியட்டும்."

மறுநாள் எங்கள் சந்துக்கு முறை. இளஞ்செழியன் வால்வைத் திறந்ததும், அன்றைய செய்திக்குப் பக்கத்திலேயே என் கணக்கில் அந்த வீடியோவைப் போட்டேன். மேலே இரண்டு வரி எழுதினேன்: இதில் கத்துபவன் நான், ராமகிருஷ்ணன். பாயிடம் மன்னிப்புக் கேட்கத் தவறிவிட்டேன், அவர் வீட்டாரிடமும் ஊரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதல் பத்து பதிலும் எனக்குத் திட்டுதான், நியாயமான திட்டு. அதற்குப் பிறகு பள்ளத்து வீட்டிலிருந்து ஒரு அரோகரா வந்தது. தண்ணீர் அங்கே வந்துவிட்டது. அன்றைய செய்தி பக்கத்திலேயே இருக்க, அவர் அதை என் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். அடுத்த வீடும் அங்கேயே எழுதியது. பாஞ்சாலை எழுதினாள், வேங்கிக்காலில் இருந்துகொண்டு சிந்துஜா எழுதினாள், எங்கள் சந்துக்கே சம்பந்தமில்லாத ஜெர்மன்காரம்மாவும் எழுதினார். நூறு, இருநூறு என்று ஒரே வார்த்தை ஏறிக்கொண்டே போயிற்று. எனக்குள் பழைய பயம் வந்தது, பக்கத்தை யாராவது மூடிவிடுவார்களோ என்று. மூடுவதற்கு அங்கே யாரும் இல்லை.

தண்ணீர் சந்தில் மேடேறிக்கொண்டிருந்தது. நான் லாட்ஜ் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டி நிரம்பி வழிந்தது கூடத் தெரியவில்லை. ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு எல்லோருக்கும் கடைசியாக முன்னி பேகம் அரோகரா போட்டார். கீழே வால்வுக்குப் பக்கத்தில் நின்றிருந்த இளஞ்செழியன் அதைப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் விட்டு மூடினான்.